விஎம்சியில் முதல் ஜாப்: இசட்டிலிருந்து சைஸ் வரை

புது புரோகிராமை விஎம்சியில் (கம்ப்யூட்டர் கன்ட்ரோலில் ஓடும் செங்குத்து மில்லிங் மெஷின்) முதன்முதலாக ஓட்டும்போது நடக்கும் பெரிய இடிகள் பெரும்பாலும் மேலும் கீழுமான இசட் அச்சில்தான் நடக்கின்றன. எக்ஸிலோ ஒய்யிலோ தப்பு என்றால் ஒரு ஜாப் (வெட்டப்படும் பாகம்) வீணாகும். இசட்டில் தப்பு என்றால் டூல், ஹோல்டர், வைஸ் எல்லாம் போய், ஸ்பிண்டில் பேரிங் வரை அடி வாங்கும். அதனால் இசட்டைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன். சொல்லும் ஜி-கோடுகள் (மெஷினுக்கான கட்டளைகள்) ஃபனுக் வகை கன்ட்ரோலுக்கானவை. வேறு கன்ட்ரோலில் எழுத்து மாறலாம், கவனிக்க வேண்டிய இடங்கள் மாறாது.

வைஸில் ஆரம்பிக்கலாம். ஃபிக்ஸ்டு ஜாவில் (வைஸின் அசையாத தாடை) டயல் கேஜ் ஓட்டினால் 100 மிமீ நீளத்துக்கு 0.01 மிமீக்குள் வர வேண்டும். ஜாப்பின் அடிப்பக்கத்தில் பிசிறு இருக்கக் கூடாது, பேரலலுக்கு (ஜாப்பின் கீழே வைக்கும் சமதளக் கட்டை) அடியில் ஒரு சிப் (வெட்டுத் துகள்) கூட இருக்கக் கூடாது. இறுக்கிவிட்டு மேலட் சுத்தியால் தட்டி, இரண்டு பேரலலையும் விரலால் தள்ளிப் பாருங்கள். ஒன்று அசைந்தாலும் ஜாப் சரியாக உட்காரவில்லை. தட்டி முடித்தபின் இன்னொரு முறை வைஸை இறுக்காதீர்கள். மூவபிள் ஜா ஜாப்பைத் தூக்கிவிடும், தட்டியது வீண்.

இனி இசட். டூல் நீளம் எடுக்க இரண்டு முறைகள் உண்டு. ஒவ்வொரு டூலையும் ஜாப்பின் மேல்பரப்பில் தொட்டு எடுத்தால் ஜி54 (ஜாப்பின் பூஜ்யப் புள்ளியைக் குறிக்கும் வொர்க் ஆஃப்செட்) இசட்டில் பூஜ்யம் இருக்க வேண்டும். டூல் செட்டரிலோ வேறொரு பொது ரெஃபரன்ஸிலோ எடுத்தால், அங்கிருந்து ஜாப் வரையுள்ள வித்தியாசம் ஜி54 இசட்டில் இருக்க வேண்டும். இரண்டுமே சரியான முறைகள்தான். ஒரே மெஷினில் இரண்டையும் கலப்பதுதான் ஆபத்து. பகல் ஷிப்ட் ஒரு முறையிலும் இரவு ஷிப்ட் இன்னொரு முறையிலும் எடுத்தால் என்றைக்காவது ஒருநாள் டூல் நேராக வைஸில் இறங்கும். மெஷினுக்கு ஒரு முறை என்று முடிவு செய்து பேனலில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

தொட்டு எடுப்பதற்கு 10 மிமீ விட்டமுள்ள பின் (உருளைக் கம்பி) வைத்துக்கொள்ளுங்கள். டூலைப் பின்னை விடத் தாழ இறக்கி, பின் டூலுக்கு அடியில் நுழையும்வரை ஹேண்ட் வீலால் 0.01 மிமீ வீதம் மேலே ஏற்ற வேண்டும். பின் அடியில் இருக்கும்போது டூலைக் கீழே இறக்கினால் கார்பைடு முனை தெறித்துவிடும். பிறகு 10 மிமீயைக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால் டூல் காற்றில் ஓடும். இரண்டு முறை கழித்தால் 10 மிமீ ஜாப்புக்குள் போகும்.

புரோகிராமில் முதலில் பார்க்க வேண்டியது டூல் நீளத் திருத்தத்தை இயக்கும் ஜி43 வரும் வரி. டூல் 5க்கு அதன் நீளத்தைக் குறிக்கும் எச்5 இருக்க வேண்டும். பழைய புரோகிராமிலிருந்து காப்பி எடுத்தபோது எச்4 என்றே நின்றுவிட்டது, டூல் 4 அதைவிட 40 மிமீ குட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் கையில் குட்டை டூல் இருப்பதாக நினைத்து 40 மிமீ கூடுதலாக இறங்கும், அதுவும் ரேபிட்டில் (வெட்டாமல் நகரும் வேகத்தில்).

அடுத்தது புள்ளி. வழக்கமான பாராமீட்டரில் ‘இசட்100’ என்று புள்ளியில்லாமல் எழுதினால் அது 100 மிமீ இல்லை, 100 மைக்ரான். டூல் ஜாப்புக்கு 0.1 மிமீ மேலே நின்றுகொண்டு, அதே உயரத்தில் அடுத்த ஹோலுக்கு ரேபிட்டில் போய் கிளாம்ப்பை இடிக்கும். டூல் பாதையை எழுதித் தரும் கேம் மென்பொருள் இந்தத் தவறைச் செய்யாது. எடிட்டில் கையால் சேர்த்த வரிகளில்தான் இது வரும்.

டூலை மெஷினின் ஹோம் நிலைக்கு அனுப்பும் ஜி28ஐ எப்போதும் ‘ஜி91 ஜி28 இசட்0’ என்று எழுதுங்கள். ஜி91 என்றால் இருக்கும் இடத்திலிருந்து கணக்கு, ஜி90 என்றால் பூஜ்யப் புள்ளியிலிருந்து கணக்கு. ஜி90 இருக்கும்போது ‘ஜி28 இசட்0’ கொடுத்தால் டூல் முதலில் வொர்க் இசட் பூஜ்யத்துக்கு, அதாவது ஜாப்பின் மேல்பரப்புக்கு இறங்கிவிட்டுத்தான் ஹோமுக்குப் போகும். ஹோம் போன அடுத்த வரியில் ஜி90 திரும்ப வந்ததா என்றும் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது வொர்க் ஆஃப்செட் பேஜில் எல்லா ஆஃப்செட்டையும் ஒன்றாக நகர்த்தும் ‘எக்ஸ்ட்’ இசட்டில் 50 மிமீ பிளஸ் போட்டு, முழு புரோகிராமையும் ஜாப்புக்கு மேலே காற்றில் ஓட்டலாம். ஆழம் 50க்கு மேல் இருந்தால் இன்னும் கூட்டிப் போட வேண்டும். முடிந்ததும் பூஜ்யமாக்க மறக்கக் கூடாது. அதன்பின் நிஜ ஓட்டம்: சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரியாக நின்று ஓடுவது) ஆன், ரேபிட் மிகக் குறைவில், விரல் ஃபீட் ஹோல்டில் (நகர்வை நிறுத்தும் பட்டன்). ஒவ்வொரு டூலும் முதன்முறை இறங்கும்போது ஜாப்புக்கு 20, 30 மிமீ மேலே நிறுத்தி ‘டிஸ்டன்ஸ் டு கோ’வைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் இடைவெளி 25 மிமீ, திரையோ இன்னும் 65 மிமீ இறங்க வேண்டும் என்கிறது என்றால் அங்கேயே விஷயம் தெரிந்துவிடும். ஃபீட் ஹோல்டில் ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஸ்கேல் வைத்துப் பார்க்கக் கையை நீட்டாதீர்கள்.

ஸ்பீடு, ஃபீடு கணக்கு எளிது. கட்டிங் ஸ்பீடை 1000ஆல் பெருக்கி, 3.14 பெருக்கல் டூல் விட்டத்தால் வகுக்க வேண்டும். 10 மிமீ கார்பைடு எண்ட் மில், மைல்டு ஸ்டீல், நிமிடத்துக்கு 120 மீட்டர் என்றால் சுமார் 3820 ஆர்பிஎம். நான்கு ஃப்ளூட் (நான்கு பல்), பல்லுக்கு 0.05 மிமீ என்றால் ஃபீடு நிமிடத்துக்கு 764 மிமீ. அகலவாக்கில் விட்டத்தில் பாதிக்கும் குறைவாக வெட்டும்போது நிஜ சிப் தடிமன் இந்த 0.05ஐ விடக் குறைந்துவிடும். 10 மிமீ டூலில் 1 மிமீ அகலம் மட்டும் எடுத்தால் சிப் 0.03 மிமீதான் வரும். டூல் வெட்டாமல் உரசும், சூடாகி சீக்கிரமே முனை மழுங்கும். அங்கே ஃபீடை 1.6 மடங்கு வரை ஏற்றலாம். பயந்து ஃபீடைக் குறைப்பது டூலைக் காப்பாற்றாது என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

சாட்டர் (வெட்டும்போது டூல் அதிரும்) சத்தம் வந்தால் ஃபீடைத் தொடுமுன் டூல் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்று பாருங்கள். வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 30 மிமீ நீட்டியிருந்ததை 40 ஆக்கினால் வளைவு 2.4 மடங்காகும். ஃப்ளூட்டும் தேவையான இடைவெளியும் போக ஒரு மிமீ கூட அதிகம் வேண்டாம்.

பாக்கெட்டில் (உள்குழிவில்) நேராகக் குத்தி இறக்காமல் 2, 3 டிகிரி ரேம்ப்பிலோ (சரிவாக) ஹெலிக்ஸிலோ (சுருளாக) இறக்குங்கள். ஆழமான பாக்கெட்டில் டூல் உடைவதற்குக் காரணம் பல சமயம் சிப் வெளியேறாமல் அதையே டூல் மறுபடி வெட்டுவதுதான். கூலன்ட் நாசில் சரியாக டூல் முனையில் படுகிறதா, இல்லை ஹோல்டரில் பட்டுச் சிதறுகிறதா என்று பாருங்கள்.

சைஸ் கரெக்‌ஷனில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கேம் டூல் சென்டர் பாதையைக் கொடுத்திருந்தால் ரேடியஸ் ஆஃப்செட் பேஜின் ஜியாமெட்ரி கட்டத்தில் பூஜ்யம், திருத்தம் மட்டும் வேர் (தேய்மானத் திருத்தம்) கட்டத்தில். வரைபட அளவிலேயே பாதை எழுதியிருந்தால் முழு ஆரமும் வேண்டும். மாற்றிப் போட்டால் பாக்கெட்டில் 041 அலாரம் வந்து நிற்கும். வெளிப் புரொஃபைலில் அலாரம் வராமலே 10 மிமீ டூல் 5 மிமீ தள்ளி ஓடும். ஜி41 (ரேடியஸ் திருத்தம்) ஆரம்பிக்கும் நேர்க்கோடு டூல் ஆரத்தை விட நீளமாக இருக்கட்டும், ஆர்க்கில் ஆரம்பித்தால் 034 அலாரம்.

60.00 வர வேண்டிய வெளி அகலம் 60.06 வந்தால் பக்கத்துக்கு 0.03. வேரில் 0.03 குறைக்க வேண்டும், 0.06 இல்லை. சில மெஷின்களில் பாராமீட்டர் விட்டக் கணக்கில் இருக்கும், அதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே வேரில் மதிப்பு இருந்தால் ‘+இன்புட்’ அதனோடு கூட்டும், ‘இன்புட்’ அதை அழித்துப் புது மதிப்பைப் போடும். மைனஸ் 0.05 இருந்த இடத்தில் மைனஸ் 0.03ஐ ‘இன்புட்’ கொடுத்தால் அடுத்த ஜாப் இன்னும் பிளஸ்ஸில் வரும்.

ஹோல் சைக்கிளில் கிளாம்ப்பைத் தாண்ட வேண்டிய இடத்தில் ஜி98 போடுங்கள், டூல் சைக்கிள் ஆரம்பித்த உயரத்துக்கே ஏறும்; ஜி99 ஜாப்புக்குச் சற்று மேலுள்ள ஆர் உயரத்திலேயே நகரும். டேப்பிங்கில் ஃபீடு என்பது பிட்ச் பெருக்கல் ஆர்பிஎம்: எம்8க்கு பிட்ச் 1.25, டிரில் 6.8, 500 ஆர்பிஎம் என்றால் ஃபீடு 625. ஆர்பிஎம்மை மாற்றிவிட்டு ஃபீடை மாற்ற மறந்தால் டேப் உள்ளேயே உடையும். பிளைண்ட் ஹோலுக்கு (அடி மூடிய துளை) சிப்பை மேலே தூக்கும் ஸ்பைரல் ஃப்ளூட் டேப் போட்டு, டிரில் ஆழத்தை டேப் முனையின் சேம்ஃபருக்கும் இடம் கிடைக்கும்படி கூட்டிவிடுங்கள்.

பாதியில் டூல் உடைந்து நிறுத்த நேர்ந்தால், உடைந்த வரியிலிருந்து தொடராமல் அந்த டூல் சேஞ்ச் வரிக்குப் போய் அங்கிருந்து ஓட்டுங்கள். அதற்கு வசதியாக ஒவ்வொரு டூலின் தலைப்பிலும் ஜி90, ஜி54, ஜி40 (ரேடியஸ் திருத்தம் ரத்து), ஜி80 (ஹோல் சைக்கிள் ரத்து), ஸ்பிண்டில் ஸ்பீடு, ஜி43 எல்லாம் முழுசாக இருக்க வேண்டும். புது டூலுக்கு நீளம் எடுத்த கையோடு அந்த டூலின் பழைய வேர் மதிப்புகளையும் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் சைக்கிள் ஸ்டார்ட் கொடுக்க வேண்டும்.