தண்ணீர்க் கணக்கு: ரூர், டிசம்பர் 2018

3 டிசம்பர், திங்கள்

ஜெர்மனியின் கடைசி நிலக்கரி ஆழ்சுரங்கம் மூட இன்னும் பதினெட்டு நாள்.

4 டிசம்பர், செவ்வாய்

புனித பார்பராவின் நாள். சுரங்கத்தாரின் காவல் தெய்வம். இப்பன்ப்யூரன் சுரங்கத்தில் இன்று விடைகொடுப்பு விழா. அங்கே கரி வெட்டுவது ஆகஸ்டிலேயே நின்றுவிட்டது. மிச்சம் இருப்பது பொட்ரொப்பின் ப்ரோஸ்பர்-ஹானியல் ஒன்றுதான்.

கரி தீர்ந்துபோய் மூடுகிறார்கள் என்று யாராவது எழுதினால் ஆத்திரம் வருகிறது. கரி இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்குக் கீழே, மெல்லிய படுகைகளாக இருக்கிறது. ஒரு டன்னை மேலே கொண்டுவர ஆகும் செலவு, கப்பலில் வரும் கரியின் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த வித்தியாசத்தை இத்தனை காலம் அரசு கட்டியது. 2018ஓடு நிறுத்திக்கொள்வதென்று 2007இல் முடிவானது. இறக்குமதிக் கரி வந்துகொண்டுதான் இருக்கும்.

1957இல் இந்த நாட்டில் சுமார் 15 கோடி டன் கரி, 6 லட்சம் தொழிலாளர். அடுத்த வருடமே இறக்கம் ஆரம்பித்துவிட்டது. அறுபது வருடமாக மூடிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

6 டிசம்பர், வியாழன்

கரி வெட்டும் இடத்தில் கூரையைத் தாங்கும் ஹைட்ராலிக் இரும்புத் தாங்கிகளான ஷீல்டுகளை, வேலை முடிந்ததும் எப்படி மீட்பது என்று எங்கும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை. அதனால் இங்கே.

கூரையைத் தாங்கி நிற்கும் ஷீல்டை உருவினால் கூரை விழும். ஆகவே கடைசிச் சில வெட்டுகளிலேயே ஆயத்தம் தொடங்க வேண்டும். ஷீல்டுகளின் தலைக்கு மேல் வலையை விட்டால், வெட்டு முன்னேற முன்னேற அது கூரையோடு படிந்து பின்னால் போகும். ஷீல்டைத் திருப்புமளவுக்கு முன்னால் இடம் வெட்டி, அந்தக் கூரைக்கு போல்ட் அடிக்க வேண்டும். பிறகு வெட்டும் இயந்திரத்தையும் கன்வேயரையும் வெளியே எடுக்க வேண்டும். கடைசியாக ஷீல்டுகள், ஒரு கோடியிலிருந்து ஒவ்வொன்றாக. காலின் அழுத்தத்தை இறக்கி, சங்கிலி மாட்டி, வின்ச்சால் முன்னே இழுத்து, தொண்ணூறு பாகை திருப்பி, வெளியே. எடுத்த இடம் சரியும். சரிவு அடுத்ததை நெருக்காதபடி இரண்டு மூன்று ஷீல்டுகளைக் குறுக்கே நிறுத்தி, வரிசை குறையக் குறைய அவற்றையும் கூடவே நகர்த்தி வருவார்கள்.

தாமதம்தான் எமன். வேலை நின்றால் பாறை அமுக்கி, கால்கள் அடிவரை இறங்கி, இரும்போடு இரும்பாக இறுகிவிடும். அப்புறம் தரையைக் கொத்தித்தான் விடுவிக்க வேண்டும், இல்லையென்றால் கைவிட வேண்டும். கைவிட்டாலும் உள்ளிருக்கும் ஹைட்ராலிக் திரவத்தை வடித்தே ஆக வேண்டும். ஏனென்றால் பின்னால் தண்ணீர் வரும்.

7 டிசம்பர், வெள்ளி

போலந்தின் கட்டோவிட்சேயில் காலநிலை மாநாடு நடக்கிறது. கரி வெட்டும் ஊரிலேயே.

9 டிசம்பர், ஞாயிறு

தண்ணீர்.

மேலே ஒன்று, கீழே ஒன்று. கரி எடுத்த வெற்றிடம் இடிந்ததில் மேல்நிலமும் இறங்கிவிட்டது. எஸ்ஸனில் சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல். எம்ஷர் ஆற்றுக்கு இருபுறமும் கரை எழுப்பினார்கள், பக்கத்துத் தெரு ஆற்றுக்குக் கீழே போனது. மழைநீர் தானாக ஆற்றில் சேர வழியில்லை, பம்பு தூக்கிவிட வேண்டும். இது மேலே உள்ள தண்ணீர்.

கீழே உள்ளது உப்புநீர், ஆழம் கூடக்கூட உப்பும் சூடும் கூடும். ரூரில் ஆண்டுக்குச் சுமார் 7 கோடி கன மீட்டர் இறைக்கிறார்கள். திட்டம் இதுதான்: கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 600 மீட்டர் வரை ஏறவிடுவது, அங்கே நிறுத்துவது. குடிநீர் தரும் ஹால்டர்ன் மணற்படுகைக்கும் இதற்கும் குறைந்தது 150 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பதின்மூன்று இறைப்பிடங்கள் ஆறாகக் குறையும். 2019 முதல் ஆண்டுக்குச் சுமார் 22 கோடி யூரோ செலவு. சுரங்க நிறுவனத்தோடு சேர்ந்த ஆர்ஏஜி அறக்கட்டளை தன் முதலீட்டு வருமானத்திலிருந்து கட்டும். இதற்கு இவர்கள் வைத்த பெயர் ‘நித்தியக் கடமைகள்’.

நித்தியம் என்றால் எத்தனை பம்பு?

11 டிசம்பர், செவ்வாய்

மூடிய சுரங்கமும் மூச்சுவிடும். வெளியே காற்றழுத்தம் இறங்கினால் உள்ளே இருக்கும் வாயு மேலே வரும், ஏறினால் உள்ளே போகும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும். அதனால்தான் அடைத்த ஷாஃப்டின் (கீழே இறங்கும் செங்குத்துக் குழியின்) தலையில், தீ உள்ளே இறங்காத தடுப்பு வைத்த புகைபோக்கி நிற்கிறது. பார்க்கச் சாதாரணக் குழாய். அதன் பக்கத்தில் சிகரெட் பற்றவைக்கக் கூடாது.

12 டிசம்பர், புதன்

ஹம் நகரம் என்றதும் நம்மவர்களுக்குக் காமாட்சி அம்பாள் கோயில். அந்த ஊரின் கடைசிச் சுரங்கம் 2010 செப்டம்பர் 30இல் மூடியது. திருவிழாவில் தீர்த்தமாடும் டாட்டெல்ன்-ஹம் கால்வாய் 1914இல் திறந்தது. அதில் கரிப்படகுகள் போயிருக்கின்றன.

14 டிசம்பர், வெள்ளி

மூடும் சுரங்கத்தின் ஷாஃப்டை எப்படி நிரப்புவார்கள் என்று சிலர் கேட்டிருந்தார்கள். முதலில் கேபிள், குழாய் எல்லாம் வெளியே. பக்கப் பாதைகள் சேரும் ஒவ்வொரு வாயையும் தடுப்புச் சுவரால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டுவது பக்கவாட்டில் ஓடிவிடும். பிறகு இறுகிக் கட்டியாகும் சிமெண்டுக் கலவை. தண்ணீரை இறைக்கப்போகும் ஷாஃப்டாக இருந்தால், ஊற்றுவதற்கு முன்பே உள்ளே பெருங்குழாய்களை நிறுத்திவிடுவார்கள். பின்னாளில் அவற்றின் வழியே நீர்மூழ்கிப் பம்பை இறக்கலாம். கீழே ஆளும் வேண்டாம், காற்றோட்டமும் வேண்டாம்.

பழைய காலத்தில் கழிவுக் கல்லைக் கொட்டி மூடினார்கள். அது தண்ணீரில் அரிபட்டுக் கீழே நழுவும், மேலே ஒன்றும் தெரியாது. 2000 ஜனவரி 2இல் வாட்டன்ஷைடில் பழைய ஷாஃப்ட் ஒன்று வாய் பிளந்து கார் ஷெட்டுகளை விழுங்கியது.

17 டிசம்பர், திங்கள்

இப்பன்ப்யூரனில் 29 வயதுத் தொழிலாளி. காற்றோட்டக் கதவில் சிக்கி இறந்துவிட்டார். கரி வெட்டுவது நின்று நாலு மாதம் ஆகிறது.

இன்று வேறெதுவும் எழுத ஓடவில்லை.

18 டிசம்பர், செவ்வாய்

2015இல் இதே நாளில் மார்ல் ஊரின் ஆகுஸ்டே விக்டோரியா சுரங்கம் மூடியது. அதே நாளில் பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லியும்.

இரண்டு நாடும் ஒன்றல்ல. அங்கே ஊர் ஊராக ஆட்களைக் கைவிட்டார்கள். இங்கே பூமிக்கடியில் வேலை செய்தவர் 50 வயதில் வெளியேறலாம், ஓய்வூதியம் தொடங்கும்வரை அதிகபட்சம் 5 வருடம் இடைக்காலத் தொகை வரும். மேலே வேலை செய்தவருக்கு அது 57 வயதில். இளையவர்களை மூடும் சுரங்கத்திலிருந்து மூடாத சுரங்கத்துக்கு மாற்றினார்கள். செலவு பெரிதுதான். செய்தது சரி.

19 டிசம்பர், புதன்

மறுபடியும் தண்ணீர். ஏறும்போது நிலத்தையும் சேர்த்துத் தூக்கும். வாஸன்பெர்க்கில் அப்படித்தான். அங்கே 1997இல் மூடிய சுரங்கத்தில் நீர் ஏற, பிளவுக்கோட்டின் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் உயர்ந்து, கோட்டின் மேல் நின்ற வீடுகள் விரிசல் விட்டன. இறங்கியபோது இழப்பீடு தரத் தெரிந்தது. ஏறினாலும் உடையும் என்பதை ஒப்புக்கொள்ள நாளானது.

பிறகு பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள். ஹைட்ராலிக் எண்ணெய் தீப்பிடிக்கக் கூடாதென்று அதைத்தான் பல ஆயிரம் டன் கணக்கில் கீழே பயன்படுத்தினார்கள். கசிந்தது கசிந்ததுதான். தூசியோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

20 டிசம்பர், வியாழன்

உடைமாற்றும் கூடம். ஆளுக்கொரு சங்கிலி, நுனியில் கொக்கி, ஒரு சின்னக் கூடை. உடுப்பை மாட்டி இழுத்தால் கூரைவரை போய்விடும், கீழே பூட்டு. சூடான காற்று மேலே இருப்பதால் ஈர உடுப்பு அடுத்த ஷிஃப்டுக்குள் காய்ந்துவிடும்.

நாளை.

21 டிசம்பர், வெள்ளி

நேற்று மாலை செக் நாட்டின் ஸ்டோனாவாவில் மீத்தேன் வெடிப்பு. 13 பேர் பலி. பெரும்பாலோர் போலந்துக்காரர்கள்.

பொட்ரொப்பில் கடைசிக் கரிக்கட்டி மேலே வந்தது. ஜனாதிபதி ஷ்டைன்மையர் கையில் வாங்கினார். கறுத்த முகங்களில் கண்ணீர் இறங்கிய தடம் வெள்ளையாகத் தெரிந்தது.

23 டிசம்பர், ஞாயிறு

எஸ்ஸனின் ட்ஸோல்ஃபெராய்ன் சுரங்கம் மூடியது 1986இல் இதே நாள். 32 வருடம். அடியில் இன்னும் இறைக்கிறார்கள்.