முட்டி ஆபரேஷனுக்கு விமான டிக்கெட்

அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையின் ஹெச்.ஆர். பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊழியர்களின் மருத்துவக் காப்பீடு என் பொறுப்பு. அவர்கள் பர்ஸில் வைத்திருக்கும் கார்டில் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரி பில்லுக்கான பணம் எங்கள் நிறுவனத்தின் கணக்கிலிருந்துதான் போகிறது. இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மைச் சரிபார்த்துத் தீர்த்துவைக்கும், அதற்குக் கட்டணம் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். இந்த நாட்டில் வேலை மூலமாகக் காப்பீடு பெறுகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் இப்படிப்பட்ட திட்டத்தில்தான் இருக்கிறார்கள். பலருக்கு அது தெரியாது.

சிகிச்சைக்காக ஊழியரை வெளிநாடு அனுப்பும் யோசனை ஏன் முதலாளிகளுக்கு வருகிறது என்பது இதிலிருந்தே புரியும். இங்கே ஒரு முட்டி மாற்று அறுவை சிகிச்சைக்கு 2019 வாக்கில் சராசரியாக 30,000 டாலர் ஆனது என்று சொல்வார்கள். சில ஆஸ்பத்திரிகளில் அதற்கு இரண்டு மடங்கும் உண்டு. 2019இல் மெக்சிகோவின் கான்கூன் நகரில் ஓர் அமெரிக்க ஊழியரின் மனைவிக்கு இதே ஆபரேஷன் நடந்து செய்திகளில் பேசப்பட்டது. அங்கே ஆஸ்பத்திரியின் கட்டணம் 12,000 டாலர்தான். விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து எலும்பு மருத்துவரே விமானம் ஏறிப் போய்ச் செய்தார். அந்தப் பெண் தன் பங்காக எதுவும் கட்டவில்லை. பயணச் செலவையும் நிறுவனமே ஏற்றது, அதற்கு மேல் 5,000 டாலருக்குக் காசோலையும் கிடைத்தது. எல்லாம் கொடுத்த பிறகும் நிறுவனத்துக்கு மிச்சம்.

மலிவு என்றதும் தரக்குறைவு என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது. ஆனால் அங்கே சம்பளமும் நிர்வாகச் செலவும் குறைவு என்பது விலை குறைவதற்கு ஒரு காரணம். இன்னொன்று, முட்டிக்குள் வைக்கும் அந்த உலோக மூட்டின் விலை. ஒரே மாதிரி மூட்டு நாட்டுக்கு நாடு வேறு விலைக்குப் போகிறது. இந்தியாவில் 2017 ஆகஸ்டில் அரசு இதற்கு உச்சவரம்பு போட்டது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாய். அமெரிக்காவில் அப்படி வரம்பு எதுவும் இல்லை. ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் என்ன விலைக்கு வாங்குகிறது என்பதைப் பில் கட்டுகிற எங்களாலேயே பல சமயம் தெரிந்துகொள்ள முடியாது.

இது புது யோசனையும் இல்லை. 2006இல் வட கரோலினாவில் ஒரு காகித ஆலை தன் தொழிலாளி ஒருவரை அறுவை சிகிச்சைக்காக டெல்லிக்கு அனுப்பத் தயாரானது. அவரும் சம்மதித்திருந்தார். எஃகுத் தொழிலாளர் சங்கம் கடுமையாக எதிர்த்ததால் அந்தப் பயணம் நின்றுபோனது. இன்று ஒருவர் விருப்பப்பட்டுப் போவார், நாளை போகாதவரிடம் கூடுதல் பணம் கேட்பார்கள் என்பதுதான் சங்கத்தின் பயம். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு வருஷம் கழித்து மேய்ன் மாநிலத்து ஹானஃபோர்ட் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் இடுப்பு, முட்டி மாற்று சிகிச்சையைச் சிங்கப்பூரில் செய்துகொள்ளலாம் என்று அறிவித்தது. யாரும் போகவில்லை. ஆனால் செய்தி பரவியதும் அமெரிக்க ஆஸ்பத்திரிகள் சில, அதற்குப் போட்டியாக விலையைக் குறைத்துத் தர முன்வந்தன. என் வேலையில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இந்தச் சம்பவத்தைத்தான்.

எங்கள் நிறுவனத்திலும் மெக்சிகோ திட்டம் வந்தது. விளக்கக் கூட்டத்தில் கேன்டீன் நிறைய ஆட்கள். ஏற்பாடு செய்யும் நிறுவனத்தின் ஆள் கடற்கரைப் படங்களோடு பேசினார். கேள்வி நேரத்தில் ஒருவர், மத்தமோரோஸ் பக்கம் நடந்ததெல்லாம் தெரியுமா என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 2023இல் அந்த எல்லை நகரத்தில் அழகு சிகிச்சைக்குப் போனவர்களுக்கு முதுகில் போட்ட மயக்க ஊசி வழியாகப் பூஞ்சைத் தொற்று மூளையுறை வரை பரவி, உயிர்கள் போயின. அது வேறு நகரம், வேறு மாதிரி கிளினிக். கான்கூனில் நாங்கள் பேசியது சர்வதேச தரச்சான்று பெற்ற ஆஸ்பத்திரியோடு. ஆனாலும் முட்டி வலியோடு நிற்பவருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுமையாகச் சொல்லத்தான் வேண்டும். கடற்கரைப் படம் அதைச் சொல்லாது.

கூட்டம் முடிந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒருவர் என் மேஜைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர், இரண்டு முட்டியும் தேய்ந்து போயிருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். விலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

“உங்கள் அம்மாவாக இருந்தால் அனுப்புவீர்களா?” என்றார்.

“எங்கள் அம்மாவுக்குச் சென்னையில்தான் செய்தோம். இப்போது மாடிப்படி ஏறுகிறார்.”

“அங்கேயே இருக்கிறாரா, உங்களோடு இங்கே இருக்கிறாரா?”

“அங்கேயேதான்.”

“அப்படியென்றால் தையல் பிரித்தவர் யார்?”

ஆபரேஷன் செய்த மருத்துவரின் ஆட்களேதான். வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். பிசியோதெரபிக்கு ஒரு பெண் வீட்டுக்கே வந்து போவாள். கால் வீங்கினால் அக்கா அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவாள். அம்மா சொந்த ஊரில் சிகிச்சை செய்துகொண்டவர். இவரோ முட்டியைக் கான்கூனில் மாற்றிக்கொண்டு, மடக்க முடியாத காலோடு விமானத்தில் உட்கார்ந்து, இருபது மைல் சுற்றளவில் ஓர் எலும்பு மருத்துவர் மட்டும் இருக்கிற ஊருக்குத் திரும்ப வேண்டியவர். அந்த ஒரு மருத்துவர், வேறு யாரோ செய்த ஆபரேஷனைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

விசாரித்தேன். அப்படித்தான் சொன்னார்கள். பெயர் வேண்டாம், அவர்கள் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. முந்தைய அறுவை சிகிச்சையில் ஏதாவது தவறு இருந்தால் வழக்கு கடைசியாகத் தொட்டவர் மேல்தான் வரும் என்று பயப்படுகிறார்கள்.

வெளிநாட்டுச் சிகிச்சையில் பெரிய ஓட்டை இந்த இடம்தான் என்பது என் கருத்து. மேஜையில் நடக்கிற ஆபரேஷனைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அதற்கு அப்புறம் வரும் வாரங்கள்தான் முக்கியம். முட்டி அறுவைக்குப் பிறகு காலில் ரத்தம் உறைவது தெரிந்த ஆபத்து. நீண்ட நேரம் விமானத்தில் உட்கார்ந்தால் அது கூடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையைத் தொடர வேண்டும், கெண்டைக்கால் வலித்தால் யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2008இல் இதற்கென்று நெறிமுறைகளே வெளியிட்டது. போவது முழுக்க ஊழியரின் விருப்பமாக இருக்க வேண்டும், ஊர் திரும்பிய பின் தேவைப்படும் சிகிச்சையைப் புறப்படும் முன்பே ஏற்பாடு செய்து, அதற்கான பணத்தையும் ஒதுக்கிவிட வேண்டும் என்கிறது அது. விற்க வந்தவர்கள் காட்டிய படங்களில் இந்த இரண்டும் இல்லை.

அதனால் மேலிடத்தில் உட்கார்ந்து வாதாடினேன். உள்ளூரில் பார்த்துக்கொள்ளச் சம்மதித்த மருத்துவரின் பெயர் எழுத்தில் வராமல் டிக்கெட் போடக்கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியும் எக்ஸ்ரேவும் ஆங்கிலத்தில், விமானம் ஏறும் முன் இங்கே வந்து சேர வேண்டும். சிக்கல் வந்தால் ஆகும் செலவு எங்கே செய்துகொண்டாலும் திட்டத்தின் பொறுப்பு. பல வாதங்களுக்குப் பிறகு இவை மூன்றும் ஏற்கப்பட்டன.

பணம் பற்றிய வாதம்தான் நீண்டது. போகிறவருக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகை சம்பளம் மாதிரி வரிக்கு உட்பட்டது என்பதைக்கூட விளம்பரத் தாளில் போடவில்லை. காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் ஊழியர் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகைக்கு டிடக்டபிள் என்று பெயர். அது தள்ளுபடி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆனால் மருத்துவச் செலவுக்கென்று வரிச் சலுகையோடு பணம் சேர்க்கும் ஹெச்.எஸ்.ஏ. சேமிப்புக் கணக்கோடு சேர்ந்த திட்டத்தில் இருப்பவருக்கு முழுத் தள்ளுபடி கொடுக்க வருமானவரி விதி இடம் தராது. 2025இல் தனிநபருக்கு முதல் 1,650 டாலரை அவர் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. மணிக்கணக்குச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு ஐயாயிரம் டாலர் என்பது பெரிய தொகை. அந்தக் காசுக்காக, பிசியோதெரபியிலேயே தேறியிருக்கக்கூடிய முட்டியைக் கொண்டுபோய் அறுத்துக்கொள்ள யாரும் துணியக்கூடாது. ஆகவே வேறொரு மருத்துவரும் பார்த்து அறுவை தேவைதான் என்று சொன்ன பிறகே தொகையைப் பற்றிய பேச்சு என்றாக்கினோம்.

ஹானஃபோர்ட் கதையைச் சொல்லி இன்னொன்றும் கேட்டேன். மொத்தமாக ஒரே விலை பேசி, நல்ல பெயரோடு செய்கிற ஆஸ்பத்திரிகள் அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கின்றன. வால்மார்ட் 2013 முதல் தன் ஊழியர்களை இதய, முதுகெலும்பு சிகிச்சைக்காக மேயோ கிளினிக், கிளீவ்லேண்ட் கிளினிக் போன்ற பெயர்பெற்ற ஆஸ்பத்திரிகளுக்குத் தன் செலவில் அனுப்புகிறது. கான்கூன் விலையைக் காட்டி நாமும் பக்கத்து மாநிலத்தில் பேரம் பேசலாமே என்றேன். பேசினார்கள். கான்கூன் அளவுக்கு இறங்கவில்லை; ஆனால் நாங்கள் வழக்கமாகக் கட்டிவந்ததைவிட நன்றாகவே குறைந்தது.

எங்கள் ஆட்களில் சிலர் மெக்சிகோ போய் நல்லபடியாகத் திரும்பினார்கள். கோல் இல்லாமல் ஷிஃப்டுக்கு நடந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது அந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஃபோர்க்லிஃப்ட்காரர் போகவில்லை. காரில் நான்கு மணி நேரம் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில், பேசி முடித்த விலைக்கு வலது முட்டியை மாற்றிக்கொண்டார். கான்கூன் போனவர்களுக்குக் கொடுத்த அதே டிடக்டபிள் சலுகையை அவருக்கும் கொடுக்க வைத்தோம். இடது முட்டிக்கு எந்த மாதம் லீவு எடுக்கலாம் என்று போன வாரம் கேட்டுவிட்டுப் போனார்.