சேலத்திலிருந்து ஸ்ரீநகருக்கு ஒரே ரோடு

தொப்பூர் வழியாகத் தர்மபுரிக்கும் ஓசூருக்கும் போகிற ரோடு, அவ்வளவுதான் எங்களுக்கு என்.எச். 44. கன்னியாகுமரியில் கிளம்பும் அந்த ரோடு சேலத்தைத் தொட்டுக்கொண்டு ஸ்ரீநகர் வரை போகிறது. நாட்டிலேயே நீளமான தேசிய நெடுஞ்சாலை. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் கோடையில், "ரோடு மாறாம நேரா போனா காஷ்மீரும்மா" என்று ஒரு நாள் ராத்திரி ஆரம்பித்தார். எனக்குக் கல்லூரி விடுமுறை ஜூன் பாதி வரை. கத்திரி வெயிலில் யாராவது வடக்கே போவார்களா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்டது நியாயம்தான். ஆனால் லீவு எப்போது கிடைக்கிறதோ அப்போதுதானே போக முடியும்?

வெயிலுக்குத் தக்கபடி நாளைத் திருப்பிப் போட்டோம். விடியற்காலை நாலு மணிக்கு வண்டியை எடுப்பது, பதினொரு மணிக்குள் ஏதாவது ஓர் ஊரில் அறை எடுத்துத் தூங்குவது, வெயில் தாழ்ந்ததும் ஊர் சுற்றுவது. இருட்டில் அவர் ஓட்டுவார், வெளுத்ததும் நான். நான் ஓட்டும்போது அவர் பிரேக் மிதிக்கிற மாதிரி காலை உதைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். பெங்களூரு தாண்டுவதற்குள் அது காற்றில் போயிற்று. டயர் காற்றை மட்டும் கிளம்புமுன், டயர் ஆறியிருக்கும்போது பார்த்துவிடுவோம். மத்தியான ரோட்டில் அளந்தால் அழுத்தம் ஏறித்தான் காட்டும். கூடிவிட்டதே என்று அப்போது காற்றை இறக்கினால் காலையில் டயர் தளர்ந்து கிடக்கும்.

அனந்தபூர், கர்னூல், ஹைதராபாத் எல்லாம் சட்டென்று கடந்துபோயின. ஹைதராபாத்தில் பிரியாணி சாப்பிட்டோம், அதைப் பற்றி எழுதாத ஆளே இல்லை என்பதால் விடுகிறேன். வழியெங்கும் கண்ணில் பட்டவை திருச்செங்கோடு போர்வெல் வண்டிகள்தான். தெலங்கானாவிலும் மகாராஷ்டிரத்திலும் டீக்கடை ஓரங்களில் நம் பதிவெண்ணோடு நின்றன. வண்டிப் பையன்களோடு தமிழில் பேசிக்கொண்டே டீ குடித்தோம். வடக்கே போகப் போகத் தமிழ் குறையும் என்று நினைத்தால், இந்த ரோட்டில் அப்படிக் குறைவதாகத் தெரியவில்லை.

நாக்பூர் தாண்டியதும் ரோடு பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள் நுழைகிறது. நாலு வழிச்சாலை போட்டால் காடு இரண்டு துண்டாகிவிடும் என்று வழக்குகள் நடந்து, கடைசியில் மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் விலங்குகள் கடக்க ஒன்பது கட்டமைப்புகள் கட்டினார்கள். அதில் பெரியது 750 மீட்டர் நீளம். நாம் மேலே போவோம், அவை கீழே போகும். தானியங்கிக் கேமராக்களில் புலிகளே பதிவாகியிருக்கின்றன. மத்தியப் பிரதேசத்துக்குள் நுழைந்தால், சத்தமும் விளக்கு வெளிச்சமும் காட்டுக்குள் போகாமலிருக்க ரோட்டின் இரு பக்கமும் தடுப்புச் சுவர். "புலி ஏதாவது தெரியுதா பாருங்க" என்று அவரிடம் சொன்னேன். புலி நம்மைப் பார்க்காமலிருக்கத்தான் சுவரே கட்டியிருக்கிறார்கள் என்றார். அதுவும் சரிதான்.

அடுத்து லக்னாதோன். இங்கேதான் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம். இந்த ரோட்டின் தெற்குப் பாதிக்கு முன்பு என்.எச். 7 என்று பெயர். அந்தப் பழைய ஏழு இந்த ஊரில் வலப்பக்கம் பிரிந்து, ஜபல்பூர் வழியாகக் காசிக்குப் போய் முடியும். கன்னியாகுமரி முதல் காசி வரை ஒரே எண். என் பாட்டி காலத்து ஆட்கள் போக ஆசைப்பட்ட ஊர் வலது கைப்பக்கம் இருக்க, நான் எதற்கு இடது பக்கம் திருப்ப வேண்டும்? "காசிக்கு ரயில்லகூட போலாம், இப்ப ரோட்டைப் பாரு" என்றார். ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது, ஆனாலும் நாற்பத்துநாலிலேயே போனேன். பர்மான் பாலத்தில் நர்மதையைக் கடக்கும்போது வண்டியை ஓரங்கட்டி, ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். காசிக்குப் பதிலாக இதுவாவது.

சாகர், ஜான்சி பக்கம் போனபோதுதான் வெயில் என்றால் என்னவென்று தெரிந்தது. நம் பக்கம் அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடிகிறது. அங்கே மே 25-ஐ ஒட்டி நௌதபா தொடங்குகிறது: சூரியன் ரோகிணி நட்சத்திரத்தில் நுழைந்த முதல் ஒன்பது நாள். அதாவது நம் கத்திரியை முடித்துவிட்டு அவர்கள் கத்திரிக்குள் நுழைந்தோம். நௌதபா நன்றாகக் காய்ந்தால்தான் மழை நன்றாகப் பெய்யும் என்று ஜான்சி விடுதிக்காரர் சந்தோஷமாகச் சொன்னார். மத்தியானம் வீசும் 'லூ' காற்றில் வியர்வைகூட நிற்பதில்லை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கே பழகிய உடம்புக்கு அது ஏமாற்று வேலை, தண்ணீர் வற்றுவதே தெரியாது. மாங்காயைச் சுட்டுப் புதினாவும் சீரகமும் சேர்த்துக் கரைத்த 'ஆம் பன்னா' தெருவுக்குத் தெரு விற்கிறது. அதுவும், நாங்கள் குக்கரில் வடித்துக் கரைத்துக்கொண்ட மோர்ச் சோறும்தான் எங்களைக் காப்பாற்றின.

அந்த வெயிலிலும் குவாலியர் கோட்டையை விட மனசில்லை. காலை ஆறு மணிக்கே ஏறினோம். மான் மந்திர் அரண்மனையின் நீல ஓடுகளையும், அதில் வரிசையாக நடக்கும் மஞ்சள் வாத்துகளையும் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். என் அவசரமெல்லாம் கோட்டைக்கு ஏறும் வழியில் இருக்கும் சதுர்புஜக் கோயிலுக்கு. பாறையில் குடைந்த சின்னஞ்சிறு கோயில். கி.பி. 876-ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் கல்வெட்டில் 270 என்ற எண்ணை, பூஜ்யத்துக்கு ஒரு சின்ன வட்டம் போட்டு, இன்று நாம் எழுதுகிற அதே முறையில் எழுதியிருக்கிறார்கள். நான் கணக்கு வாத்தியார். வருஷா வருஷம் வகுப்பில் சொல்லும் கதை இது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்த 270 ஏதோ பெரிய வானியல் கணக்கு இல்லை. கோயிலுக்குக் கொடுத்த பூந்தோட்டம் 270 முழம் நீளம், 187 முழம் அகலம். அதிலிருந்து தினம் 50 மாலை சாமிக்கு. நம் கோயில் சுவர்களில் வரும் நந்தவனத் தானக் கல்வெட்டேதான்! "பூஜ்யத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தே?" என்று அவர் கேட்டுவிட்டு, நிழல் தேடி உட்கார்ந்துகொண்டார்.

சம்பல் பாலத்தில் முதலை தேடியதையும், டெல்லியை இருட்டிலேயே தாண்டியதையும், முர்தலில் வெண்ணெய் மிதக்கும் பராத்தா சாப்பிட்டுவிட்டுப் பானிபட் வரை பேச்சில்லாமல் போனதையும் இப்படியே ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன். பஞ்சாபில் ரோடு சமதளம், பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஜம்முவுக்குப் பிறகுதான் ரோடு தன் வேலையைக் காட்டியது. 2017-ல் திறந்த செனானி–நாஷ்ரி சுரங்கம் ஒன்பது கிலோமீட்டருக்கும் மேல். முன்பு இதற்குப் பதில் பட்னிடாப் மலை மேலே ஏறி இறங்க வேண்டியிருந்ததாம். சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் பீடா என்ற ஊரில் ராஜ்மா சோறு, மேலே நெய், ஓரத்தில் மாதுளை விதைத் துவையல். நன்றாகத்தான் இருந்தது. ராம்பன் பக்கம் மண் சரிந்து, வண்டிகள் நின்றுவிட்டன. எத்தனை மணி ஆகும் என்று போலீஸ்காரரிடம் கேட்டால் மலையைக் காட்டுகிறார்.

எங்களுக்கு இரண்டு வண்டி முன்னால் நாமக்கல் லாரி. எங்கள் வண்டி எண்ணைப் பார்த்துவிட்டு டிரைவர் இறங்கி வந்தார். "அக்கா, சேலமுங்களா? சாப்பிட்டீங்களா?" லாரி நிழலில் அடுப்பு மூட்டி ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. ராஜ்மா சாப்பிட்ட வயிறு என்றாலும் ரசத்தை யார் வேண்டாம் என்பார்கள்? "போன தடவை ரெண்டு நாள் இங்கயே கெடந்தமுங்க. நீங்க சும்மா சுத்திப் பாக்கறதுக்கா இந்த ரோட்டுல வந்தீங்க?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் வெட்கம். ஊரிலிருந்து கொண்டுவந்த தட்டுவடையையும் மாங்காய்த் தொக்கையும் கொடுத்தோம். சாயங்காலம்தான் வழி விட்டார்கள்.

பனிஹால் சுரங்கத்தைத் தாண்டினால் காஸிகுண்ட். மலை விலகி, பள்ளத்தாக்கு விரிகிறது, ஜன்னலை இறக்கிவிட்டோம். சங்கம் என்ற இடத்தில் ரோட்டின் இரு புறமும் கிரிக்கெட் மட்டைப் பட்டறைகள். வில்லோ மரத் துண்டுகளைக் காய்வதற்காக ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். அவர் வண்டியை நிறுத்தச் சொன்னார், அறுபது வயதில் பேட் வாங்கப் போகிறாராம். கடைக்காரர் எந்த ஊர் என்றார். சேலம் என்றோம், தெரியவில்லை. நடராஜன் ஊர் என்றதும் முகம் மலர்ந்து "யார்க்கர்!" என்று கையைச் சுழற்றிக் காட்டினார். ஆனாலும் விலையை இறக்கவில்லை.