ஸ்லைடு பெட்டி: இந்த வாரம் மூன்றரைப் படம்

பழம்பொருள் சந்தையில் வாங்கிய பெட்டியில் 38 ஸ்லைடுகள் (சட்டத்தில் பொருத்திய ஃபிலிம் படங்கள்). ஒன்றைத் தவிர எல்லாம் கோடாக்ரோம் என்ற கோடாக் கலர் ஃபிலிம். யார் எடுத்தது, எந்த ஊர் என்று ஒரு வரி இல்லை. வருடத்தையாவது பிடிப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஸ்கேனர் சொதப்பல். தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதியைப் போட்டுவிட்டேன். கோடாக்ரோமுக்கு அது ஒத்துவராது. ஒரு பெண்மணியின் கண்ணிமை முடியைத் தூசி என்று வழித்துவிட்டது. அணைத்துவிட்டுக் காற்றுப் பந்தையும் பிரஷையும் எடுத்தேன். நிறமோ நேற்று எடுத்தது போல இருக்கிறது. கூடவே கிடந்த அந்த ஒற்றை எக்டாக்ரோம் (கோடாக்கின் இன்னொரு ஸ்லைடு ஃபிலிம்) செக்கச்செவேல் என்று வெளுத்துக் கிடக்கிறது.

அப்புறம் கார் படம். வீட்டு வாசலில் செவர்லே பெல் ஏர், வாலில் கூர்த் துடுப்பு, அதற்குக் கீழே அலுமினியப் பட்டை: 1957 மாடல். நம்பர் பிளேட்டில் எழுத்து தெரியவில்லை, ஆனால் மஞ்சளில் கறுப்பு. கலிஃபோர்னியா 1956இல் கொடுத்தது அப்படித்தான். 1963இல் கறுப்பில் மஞ்சளாக மாற்றினார்கள். வாசலில் இருக்கும் அமெரிக்கக் கொடியில் நட்சத்திரங்கள் நேர் கட்டமாக நிற்கின்றன, அப்படியானால் பழைய 48 நட்சத்திரக் கொடி. 1959 ஜூலை 4இல் 49, அடுத்த வருடம் அதே நாளில் 50; அந்த இரண்டிலும் வரிசைகள் விலகி விலகி இருக்கும். '1957-59' என்று பென்சிலில் குறித்தேன்.

அடுத்தது டிஸ்னிலேண்ட் கோட்டை. பின்னால் பாதி எழும்பிய இரும்புச் சட்டம். அங்கே 1959 ஜூனில் திறந்த மேட்டர்ஹார்ன் என்ற செயற்கை மலையேதான். ஆனால் கோட்டைக்கு எதிரே நின்றால் மலை வலப்பக்கம் இருக்கவேண்டும்; என் படத்தில் இடப்பக்கம்! ஸ்லைடை விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். படம் பதிந்த, மேடு பள்ளம் தெரியும் மங்கல் பக்கம் தப்பான திசையில். அந்தத் தட்டில் வைத்த நான்கையும் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

கார் படத்தை மறுபடி திறந்தால் ஸ்டீயரிங் வலப்பக்கம். ஒரு மணி நேரம் அதையே உற்றுப் பார்த்தும் உறுத்தவில்லை. நம்மூர்ப் பழக்கம்!

திருப்பி ஸ்கேன் செய்தபின் மூன்றாவதும் வழிக்கு வந்தது. அதே கோட்டை, அதே சட்டம், முன்னால் வால் வைத்த ரக்கூன் தோல் தொப்பியோடு ஒரு பையன். இந்தத் தொப்பி போட்ட நாயகனின் டேவி கிராக்கெட் தொடர் அமெரிக்க டிவியில் வந்தது 1954 கடைசியில்; தொப்பிப் பித்து உச்சத்தில் இருந்தது 1955இல். தொப்பியை மட்டும் பார்த்திருந்தால் 1955 என்று எழுதியிருப்பேன். வால் பாதி பிய்ந்திருக்கிறது. அண்ணன் போட்டது தம்பிக்கு வந்திருக்கும். வாசல் கொடியும் அப்படிப் பழசாக இருக்கலாமே என்று கார் படத்தின் '59'ஐ அழித்துக் கேள்விக்குறி போட்டேன்.

அந்த அரைப் படம் நான்காவது: ஒரு சமையலறை, சுவரில் காலண்டர். மாதம் தெரிகிறது, அக்டோபர். வருடத்தின் மேல் யாரோ துண்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். 1ஆம் தேதி என்ன கிழமை என்று பூதக்கண்ணாடியோடு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.