கணக்கப்பிள்ளை பிறந்த கதை

நம் கல்லூரியில் அவரிடம் வரலாறு படித்தவர்களுக்கு அந்த சேர் யாரென்று சொல்லத் தேவையில்லை. பெயர் போட்டால் கோபிப்பார். மலரில் பெயர் வரவா படிப்பித்தேன் என்று கேட்பார்.

பாடப்புத்தகத்தில் மனிதன் ஆபிரிக்காவில் எழுந்து நிற்பான். இரண்டு பக்கம் தள்ளினால் மெசப்பத்தேமியாவில் வாற்கோதுமை அறுத்துக்கொண்டிருப்பான். சேர் அவனை அவ்வளவு அவசரமாகப் போக விடமாட்டார். 1974இல் எத்தியோப்பியாவில் கிடைத்த, லூசி என்று பெயர் வைக்கப்பட்ட ஆதி மூதாதையின் எலும்புகளுக்கு ஏறக்குறைய 32 இலட்சம் வருஷம் வயது. மூளை சின்னது, ஆனால் இரண்டு காலில் நடந்தவள். "மொதல்ல காலு, அப்புறந்தான் மூளை. ஒங்கள்ல சில பேருக்கு அந்த ரெண்டாவது இன்னும் வரல" என்பார், கடைசி வாங்கைப் பார்த்துக்கொண்டே.

தோட்டத்து லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி கொத்தும்போது மண்வெட்டியில் இடிபடுமே, அந்த வெள்ளைப் படிகக் கல். அதில் ஒன்றை ஒருநாள் வகுப்பு வாசல் படியில் வைத்து இன்னொரு கல்லால் தட்டினார். தட்டத் தட்டத் தூள்தான் பறந்தது. கடைசியில் நகமளவு ஒரு சில்லுத் தெறித்தது. அதன் ஓரத்தால் ஒரு கொய்யாப்பழத்தை அறுத்துக் காட்டினார். பிளேட்டால் வெட்டியதுபோல இருந்தது. இலங்கையின் கற்கால வேட்டைக்காரனான பலாங்கொடை மனிதனின் நுண்கற்கருவிகள் பெரும்பாலும் இந்தக் கல்தான். கித்துல்கல பெலிலென, குருவிட்டைப் பக்கத்து பட்டதொம்பலென குகைகளில் 30,000 வருஷத்துக்கும் முந்திய மண்ணிலேயே அவை கிடைத்திருக்கின்றன. அகழ்ந்தவர் சிரான் தெரணியகல. அங்கிருந்தவர்கள் குரங்கும் மர அணிலும் வேட்டையாடினார்கள், நத்தை தின்றார்கள், கெக்குண என்ற காட்டுக் கொட்டையை உடைத்தார்கள். கடற்சிப்பி மணிகளும் கிடைத்திருப்பதால் கரையோடு அவர்களுக்குப் போக்குவரத்து இருந்திருக்கிறது. கொழும்பு பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு நாம் இறங்கிய அதே மலைச்சரிவு!

விவசாயப் பாடம்தான் உச்சம். சுமார் 11,000 வருஷத்துக்கு முன் மேற்காசியாவில் பயிர்செய்யத் தொடங்கியதை எல்லா ஆசிரியரும் முன்னேற்றம் என்றுதான் சொன்னார்கள். சேர் மட்டும், "யாருக்கு முன்னேற்றம்?" என்று கேட்டார். பல இடங்களில் ஆதி விவசாயிகளின் எலும்புகள் வேட்டைக்காரர்களுடையதைவிடக் குட்டை. பல்லில் சொத்தை அதிகம். வேலையோ விடிந்தால் பொழுதுபட்டால். "ஆனா தானியம் மிஞ்சும். மிஞ்சினா குதிரு வேணும், குதிருக்குக் காவல் வேணும், காவலுக்கு மேல கணக்கு வேணும். அப்பத்தான்டா மொதக் கணக்கப்பிள்ளை பொறந்தான்!"

வகுப்பே அதிர்ந்தது. முன்வாங்கில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன் இருந்தான். நம் அம்மாமார் பறித்த தேயிலைக் கொழுந்தைக் கணக்கப்பிள்ளை நிறுத்து எழுதுகிற தராசடியில் நின்று பார்த்த பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மெசப்பத்தேமியாவின் ஊருக் நகரத்துக் களிமண் பலகைகளில் பெரும்பாலானவை கணக்குவழக்குதான் என்று பின்னாளில் படித்தபோது, சேர் மிகைப்படுத்தவில்லை என்று தெரிந்தது. 'மெசப்பத்தேமியா' என்ற பட்டம் அந்தப் பையனுக்கு ஏ.எல். வரை ஒட்டியிருந்தது. ஆள் இப்போது மெல்பேர்னில் கணக்காளர். இதை வாசித்துவிட்டு எனக்கு கோல் எடுப்பார்.

நம் மலையிலேயே விவசாயம் வெகு முன்னதாகத் தொடங்கியது என்றும் ஒரு கருத்து உண்டு. ஹோர்ட்டன் சமவெளிச் சதுப்பு மண்ணில் புதைந்த மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள், 10,000 வருஷத்துக்கும் முன்பே வாற்கோதுமை, ஓட்ஸ் வகைத் தானியங்களை அங்கே மனிதர் கையாண்டிருக்கலாம் என்கிறார்கள். மகரந்தத்தை மட்டும் வைத்து அவ்வளவு தூரம் போக எனக்குத் தயக்கம். தானியமோ கருவியோ கூடவே கிடைத்தால் நம்புவேன்.

டிசம்பரில் ஊருக்குப் போகிற நம்ம ஆட்கள் பெலிலெனவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். மழை பெய்திருந்தால் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள், அட்டை சும்மா விடாது.