கீரை இருந்தது, டீயும் இருந்தது

கர்ப்பமாகி நாலாவது மாத செக்கப்பில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.6 கிராம் என்று வந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்தியூர் பக்கம் எங்கள் ஊரில் வீட்டு வாசலிலேயே முருங்கை மரம் நிற்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் கீரை, காலையில் ராகிக்களி, மதியம் பச்சைப்பயறு. சாப்பிடாமல் கிடந்தவள் இல்லை நான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமைதான் கர்ப்பிணிகளுக்கான நாள். நர்ஸம்மா பொறுமையாகச் சொன்னார். வயிற்றில் பிள்ளை வந்தபின் உடம்பில் ரத்தம் கிட்டத்தட்ட பாதியளவு கூடும், அதில் நீர்தான் வேகமாகக் கூடும், சிவப்பணு பின்னால்தான் வரும், அதனால் எல்லோருக்குமே கொஞ்சம் இறங்கும். ஆனால் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. 8.6 என்பது விட்டுவிடக்கூடிய அளவு இல்லை. அப்புறம் திடீரென்று, "அரிசி கிரிசி மெல்றீங்களா கண்ணு?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டப்பாவில் இருந்து பச்சரிசியை ஒரு கை அள்ளி நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தேன். வீட்டில் மசக்கை ஆசை என்று விட்டுவிட்டார்கள். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இப்படி அரிசி, மண், சிலேட்டுக்குச்சி என்று ஆசை வருவது உண்டாம். உங்களுக்கும் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.

தினமும் இரண்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். செருப்பில்லாமல் காட்டுக்குப் போகிறவள் என்பதால் கொக்கிப்புழுவும் ரத்தத்தைக் குடிக்கும் என்று ஒரு பூச்சி மாத்திரையும். ஒரு மாதம் ஒழுங்காக விழுங்கினேன். அடுத்த செவ்வாய் 8.8. ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும், ஏறாவிட்டால் இரும்புச்சத்தை டிரிப்பாக ஏற்றவேண்டி வரும் என்றார்கள். அழுதுவிட்டேன்.

அன்றைக்கு நர்ஸம்மா என்ன சாப்பிட்டேன் என்று கேட்கவில்லை. எத்தனை மணிக்கு, எதோடு என்று கேட்டார். காலை மாத்திரையை டீயோடு விழுங்கியிருக்கிறேன். மதியம் கீரைச்சோறு சாப்பிட்டதும் ஒரு டீ. ராத்திரி மறந்துவிடக் கூடாதென்று கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். மூன்றுமே தப்பு. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர்வதே குறைவு. டீயில் உள்ள துவர்ப்புச் சத்து அதையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. கால்சியமும் கூடவே வந்தால் இரும்புக்கு இடைஞ்சல். சத்து என் தட்டில் இருந்தது, என்னிடம் வந்து சேரவில்லை.

நேரத்தை மாற்றினோம். கால்சியம் காலை, இரவுச் சாப்பாட்டோடு. இரும்பு மாத்திரை ஒன்று காலை 11 மணிக்கு, எலுமிச்சைத் தண்ணீரோடு. இன்னொன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப்போகும்போது. தூங்கிவிட்டால் குமட்டலும் தெரியவில்லை. மலம் கறுப்பாகப் போனதும் பயந்தேன், அது மாத்திரையால்தான். மலச்சிக்கலுக்குக் கொய்யாப்பழமும் நிறையத் தண்ணீரும் போதுமாக இருந்தது. மதியச் சாப்பாட்டில் தினமும் பாதி நெல்லிக்காய்.

டீயை விடுவதுதான் கஷ்டம். நாலைந்து நாள் தலைவலி பின்னியெடுத்தது. சாயந்திரம் நாலரைக்கு ஒரே ஒரு டீ என்று பேசி முடிவானது. டீத்தூள் டப்பாவை அத்தை தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார், அவரும் என்னோடு நாலரைக்கே குடித்தார். நாற்பது வருடமாகச் சாப்பிட்ட கையோடு டீ குடித்தவர். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. ராகி கால்சியத்துக்கு நல்லது, இரும்புக்குக் கம்பு மேல் என்று காலையில் கம்மங்கூழுக்கு மாறினேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கி நன்றாக வேகவைத்து மிளகு போட்டுக் கொடுத்தனுப்புவார். ஈரலும் வாங்கலாமா என்று டாக்டரைக் கேட்டபோது, அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்பத்தில் வேண்டாம் என்றார். கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வந்த பேரீச்சம்பழத்தையும் அங்கன்வாடிச் சத்துமாவையும் தள்ளிவைக்காமல் சாப்பிட்டேன். வெள்ளைக்காரி மாதிரி பிள்ளை பிறக்கக் குங்குமப்பூ, மாத்திரை போட்டால் பிள்ளை கறுத்துவிடும் என்றெல்லாம் அம்மாயி சொல்லிக்கொண்டே இருந்தார். எதிர்த்துப் பேசவில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை.

ஆறாவது மாதம் 9.9. ஏழாவது மாதம் 10.6. அரிசி மெல்லும் ஆசை எப்போது போனதென்றே தெரியவில்லை, ஒருநாள் டப்பாவைத் திறந்தபோதுதான் கவனித்தேன். ஒன்பதாவது மாதம் 11.2 என்று நர்ஸம்மா அட்டையில் எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். சுகப்பிரசவம், பெண் குழந்தை, 2.9 கிலோ.

இப்போது பாப்பாவுக்கு மூன்று மாதம். பால் கொடுப்பதால் இன்னும் மூன்று மாதம் தினம் ஒரு மாத்திரை பாக்கி இருக்கிறது. டீத்தூள் டப்பா அத்தையின் பீரோவிலேயே இருக்கிறது.