பீரோ உடைந்ததிலிருந்து நகை கைக்கு வரும்வரை

திருட்டுக் கேஸில் நகை திரும்பக் கிடைத்த அதிர்ஷ்டக்காரர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. எல்லாம் கிடைக்கவில்லை, பாதிக்கு மேல் கிடைத்தது. அதிலிருந்து தெரிந்தவர்கள் யார் வீட்டில் திருடு போனாலும் எனக்குத்தான் போன் வருகிறது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நடந்தது சென்னைப் புறநகரில், கமிஷனரேட் எல்லைக்குள். மாவட்டங்களில் அதிகாரிகளின் பதவி கொஞ்சம் மாறும், வேலை நடக்கிற விதம் பெரிதாக மாறாது.

சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு வெளியூர் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் பின்பக்கக் கதவு நெம்பியிருந்தது, பீரோ திறந்து கிடந்தது. அப்பா 100-க்கு அடித்தார், ரோந்து வண்டி வந்துவிட்டது. வந்தவர் சொன்ன முதல் வார்த்தை, "எதையும் தொடாதீங்கம்மா, வெளியே வந்து நில்லுங்க." அம்மாவுக்கு அதுதான் முடியவில்லை. பட்டுப்புடவையெல்லாம் தரையில் கிடக்கிறது, அதை எடுத்து மடிக்காமல் நிற்க வேண்டும் என்றால் எப்படி? நானும் தங்கையும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்காரவைத்தோம். நல்லவேளை, ஏனென்றால் கேஸ் கடைசியில் நின்றது அந்தப் பீரோக் கதவில் கிடைத்த ரேகையில்தான்.

யாரிடம் போவது என்பதிலேயே நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. நகரத்து ஸ்டேஷன்களில் சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் என்று தனித்தனியாக இருப்பார்கள். வீடு புகுந்து திருடுவது, செயின் பறிப்பு, பைக் திருட்டு எல்லாம் இரண்டாமவர் கணக்கு, அவருக்குக் கீழே எஸ்.ஐ., ஏட்டு, கான்ஸ்டபிள் என்று ஒரு சின்ன க்ரைம் டீம். மத்தியக் குற்றப்பிரிவு என்பது கமிஷனர் அலுவலகத்தில் இருப்பது, பெரிய தொகை மோசடி, நில அபகரிப்பு மாதிரி விஷயங்கள் அங்கே போகும். சி.பி.சி.ஐ.டி. மாநில அளவில் இயங்குவது. எங்கள் சித்தப்பா முதல் நாளே "சி.பி.சி.ஐ.டி.க்கு மாத்தச் சொல்லி மனு போடுடா" என்று ஆரம்பித்தார். பீரோ உடைந்ததற்கெல்லாம் அவர்கள் வரமாட்டார்கள் சித்தப்பா.

கைரேகைப் பிரிவிலிருந்து ஒருவர் பெட்டியோடு வந்தார். நான் ஏதோ பெரிய இயந்திரம் கொண்டுவருவார் என்று நினைத்திருந்தேன். டார்ச் விளக்கு, மென்மையான பிரஷ், பொடி டப்பாக்கள், ஒட்டுநாடா, அவ்வளவுதான். பீரோக் கதவின் மேல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மாவே பார்த்தார். அப்புறம் கைப்பிடியை விட்டுவிட்டு, கதவின் உள்பக்கம் கீழ் ஓரத்தில் பொடியைத் தடவினார். "கைப்பிடியில வீட்டுக்காரங்க ரேகைதான் ஒண்ணு மேல ஒண்ணா கிடக்கும் தம்பி. நெம்புறவன் ஒரு கையால கதவை இழுத்துப் பிடிப்பான், அது இந்த இடத்துலதான் விழும்" என்றார். விழுந்திருந்தது. போட்டோ எடுத்து, நாடாவில் ஒற்றி எடுத்து, அட்டையில் ஒட்டிக்கொண்டார். பிறகு எங்கள் எல்லோருடைய விரல்களிலும் மை தடவி ரேகை எடுத்தார்கள். அப்பா கோபப்பட்டார், நாங்களா திருடர்கள் என்று. வீட்டு ஆட்களின் ரேகையைக் கழித்தால்தான் அந்நியன் ரேகை எது என்று தெரியும், அதற்காகத்தான். மோப்ப நாயும் வந்தது, தெருமுனை வரை ஓடி மெயின் ரோட்டில் நின்றுவிட்டது. அங்கிருந்து வண்டியில் போயிருக்கிறான் என்று அதிலிருந்தே க்ரைம் டீம் முடிவுக்கு வந்தது.

புகார் எழுதுவதுதான் எங்களுக்கு ஸ்டேஷனில் இழுத்தடித்த கட்டம். முதலில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். அது புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு, அவ்வளவுதான். வீடு புகுந்து திருடியதற்கு எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டே ஆக வேண்டும், 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அடுத்தது பவுன் கணக்கு. "இவ்வளவு போட்டா கேஸ் பெருசாயிடும், கொஞ்சம் குறைச்சு எழுதுங்க, கிடைச்சா எல்லாத்தையும் கொடுத்துடுறோம்" என்று ஒருவர் நைசாகச் சொன்னார். இதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆரில் இல்லாத நகையைப் பின்னால் கோர்ட்டில் போய் என்னுடையது என்று கேட்பது பெரும்பாடு. பதியவே மறுத்தால் மாவட்டத்தில் எஸ்.பி.க்கும், நகரத்தில் துணை கமிஷனருக்கும் எழுத்தில் அனுப்பலாம். நாங்கள் அதுவரை போகவில்லை, அனுப்பப் போவதாக அப்பா சொன்னதே போதுமானதாக இருந்தது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 331(4), 305 என்று பிரிவுகள் போட்டார்கள், பழைய இ.பி.கோ. 457, 380 தான் அவை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புகாரில் நகையை எப்படி எழுதுவது என்று அந்த க்ரைம் எஸ்.ஐ. சொல்லிக்கொடுத்தார், அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். "தங்கச் செயின் ஒன்று" என்று எழுதினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. எத்தனை கிராம், என்ன டிசைன், கல் வைத்ததா, எந்தக் கடையின் முத்திரை, எங்கே பற்றவைத்தது, எந்தத் திருகு மாற்றினது, எல்லாம் வேண்டும். ரசீது இருந்தால் நல்லது, புது நகை என்றால் அதில் பொறித்திருக்கும் ஆறு இலக்க ஹால்மார்க் அடையாள எண் இருந்தால் அதைவிட நல்லது. பாட்டி காலத்து நகைக்கு ரசீதுக்கு எங்கே போவது? கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவரச் சொன்னார். தங்கையின் வளைகாப்பு, என் கல்யாணம், யார் யார் வீட்டு கிரகப்பிரவேசமோ எல்லாவற்றிலிருந்தும் அம்மா கழுத்தும் காதும் தெரிகிற படங்களைப் பொறுக்கிப் பெரிதாக்கிக் கொடுத்தோம். போட்டோவில் முன்வரிசையில் நிற்கும் அம்மாவின் பழக்கத்தைக் கிண்டல் செய்திருக்கிறோம், இனிமேல் செய்வதாக இல்லை.

அதன் பிறகு நீண்ட மௌனம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காதது போலத்தான் தெரியும். உண்மையில் அந்த டீமில் இரண்டு கான்ஸ்டபிள்கள் பென் டிரைவோடு கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். மளிகைக் கடை, மருந்துக் கடை, ஏ.டி.எம்., அபார்ட்மென்ட் வாசல் என்று ஒவ்வொரு கேமராவாக வாங்கி, வண்டி வந்த வழியைப் பின்னோக்கிக் கோப்பார்கள். அதிலும் பாதிக் கேமராக்களில் கடிகாரம் தப்பாக ஓடும், ஒன்றில் இருபது நிமிடம் முன்னால், இன்னொன்றில் தேதியே வேறு. பழைய பதிவு தானாக அழிந்துவிடும் என்பதால் முதல் வாரத்திலேயே ஓடிவிட வேண்டும். ஹெல்மெட் போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை, நம்பர் பிளேட் போலி. ஆனால் வண்டியில் இடது பக்கக் கண்ணாடி இல்லை, அதை வைத்துத்தான் ஒரு கேமராவிலிருந்து அடுத்ததுக்குப் போனார்கள். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் நமக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இருக்கிறது. தானாக யாரும் கூப்பிடவில்லை, அப்பா போய்க் கேட்டபோது மரியாதையாகச் சொன்னார்கள்.

ஆள் சிக்கியது இவர்களிடம் இல்லை. வேறு மாவட்டத்தில் இன்னொரு வீட்டுக் கேஸில் மாட்டியவனின் ரேகையைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததில் எங்கள் பீரோ ரேகையோடு பொருந்திவிட்டது. நாடு முழுக்க ரேகைகளை இணைத்துத் தேடும் நஃபிஸ் என்ற அமைப்பு 2022-இலிருந்து இருக்கிறது. அவன் ஏற்கெனவே அங்கே ஜெயிலில் இருந்ததால் பி.டி. வாரண்ட் (ஜெயிலில் இருப்பவனை வேறு கேஸுக்காகக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும் உத்தரவு) வாங்கி எங்கள் கேஸிலும் கைது காட்டினார்கள், பிறகு போலீஸ் கஸ்டடி எடுத்து விசாரித்தார்கள்.

இங்கே ஒரு விஷயம் புரிந்தால் க்ரைம் போலீஸ் ஏன் எப்போது பார்த்தாலும் "ரெக்கவரி, ரெக்கவரி" என்று பேசுகிறார்கள் என்பது விளங்கிவிடும். போலீஸிடம் ஒருவன் "நான்தான் திருடினேன்" என்று சொல்வதைக் கோர்ட் ஏற்காது. அவன் சொன்னதை வைத்துப் போய்ப் பொருளை எடுத்தால், அந்தப் பொருள் கிடைக்கக் காரணமான பேச்சு மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 27-வது பிரிவு, இப்போதைய சட்டத்தில் 23-க்குள் வருகிறது. அதனால் நகை கிடைப்பது நமக்கு எவ்வளவு முக்கியமோ, கேஸ் நிற்க அவர்களுக்கும் அவ்வளவு முக்கியம். அவன் காட்டிய அடகுக்கடையில் இருந்தவற்றைச் சாட்சிகளை வைத்து, வீடியோ எடுத்து, மகஜர் (சாட்சிகள் கையெழுத்திடும் பறிமுதல் குறிப்பு) போட்டுக் கைப்பற்றினார்கள். ஒரு ஆரத்தை ஏற்கெனவே உருக்கிவிட்டான், அது போனது போனதுதான்.

அடையாளம் காட்ட அம்மாவைக் கூப்பிட்டார்கள். மேஜையில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர்களில் பல வீட்டு நகைகள். பக்கத்தில் இன்னொரு குடும்பமும் நின்றது, அவர்களும் ஒரு ஜோடி தோட்டைத் தங்களுடையது என்றார்கள், டிசைன் அச்சு அசல் ஒன்றேதான். அம்மா பதற்றமே இல்லாமல், "வலது தோட்டுத் திருகைக் கழட்டிப் பாருங்க சார், அது மட்டும் வெள்ளித் திருகு, தங்கமுலாம் போயிருக்கும்" என்றார். ஏட்டு கழற்றினார். எங்கள் புகாரிலும் அது எழுதியிருந்தது. அந்தக் குடும்பத்து அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கண்டெடுத்த நகையை ஸ்டேஷனிலேயே கையில் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். படிவம் 95-இல் பட்டியல் போட்டு நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே வக்கீல் வைத்து, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-வது பிரிவில் சொத்தைத் திரும்பக் கேட்டு மனு போட வேண்டும். பழைய ஆட்கள் 451 மனு என்பார்கள். போலீஸ் தரப்பிலிருந்து ஆட்சேபனை இல்லை என்று பதில் வர வேண்டும், இதில்தான் நாள் ஓடும், எஸ்.ஐ.க்கு அடிக்கடி ஒரு போன் போட்டு நினைவூட்டுவதில் தவறே இல்லை. நகையைப் போட்டோ எடுத்து, விவரம் எழுதிவைத்துக்கொண்டு சீக்கிரம் உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று 2002-இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, எங்கள் வக்கீல் மனுவில் அதை மறக்காமல் சேர்த்தார். நகை மதிப்பீட்டாளர் எடை போட்டார், பிணைப்பத்திரம் எழுதினோம், ஜாமீனுக்குச் சித்தப்பாவே தன் வீட்டு வரி ரசீதோடு வந்து நின்றார். சி.பி.சி.ஐ.டி. பேச்சை அன்றைக்கு எடுக்கவில்லை.

கொடுக்கும்போது நிபந்தனை உண்டு: விற்கக் கூடாது, உருக்கக் கூடாது, மாற்றி அடிக்கக் கூடாது, கோர்ட் கேட்கும்போது அப்படியே கொண்டுவந்து காட்ட வேண்டும். குற்றப்பத்திரிகை போட்டாயிற்று, சாட்சி சம்மன் இன்னும் வரவில்லை. அந்தத் தோட்டுக்கு ஒரு தங்கத் திருகு போட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார், கேஸ் முடிகிறவரை கை வைக்கவே கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.